நடை குறைந்ததா, போன் மேசையில் கிடந்ததா?

வயதானவர்களின் நடமாட்டம் குறைவதைச் செயலி வழியாகக் கண்காணிக்கும் ஆய்வுகளில் புதிதாக இறங்குபவர்கள் ஒப்புதல் படிவத்தையோ தரவுப் பாதுகாப்பையோ மறப்பதில்லை. சறுக்குவது வேறு இடங்களில்.

பதிவு இல்லாத நாளுக்கு 0 போடுவது

இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். அட்டவணையில் ஒரு நாளுக்கு 0 காலடி. ஆள் படுத்தே இருந்திருக்கலாம். போன் சார்ஜரில் கிடக்க, அவர் நடந்திருக்கலாம். ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு செயலியைப் பின்னணியில் நிறுத்தியிருக்கலாம். ஐபோனில் இன்னொரு வம்பு: உடல்நலத் தரவுகள் சேரும் ஹெல்த்கிட்டைப் படிக்க அனுமதி மறுத்திருந்தால் அதைச் செயலியிடம் சொல்லாது, தரவே இல்லாததுபோல்தான் காட்டும்.

வழக்கமாக நடப்பது இது. மூன்றாம் வாரத்தில் வரைபடம் சரியும். ‘திடீர் வீழ்ச்சி’ என்று அறிக்கை தயாராகும். பிறகு யாராவது கூப்பிட்டுக் கேட்டால், “தினமும் நடக்கிறேனே தம்பி, போன் பையில் கனக்குது, வீட்டிலேயே வெச்சிட்டுப் போறேன்” என்பார் பெரியவர்.

சரி, அந்த நாட்களைத் தூக்கிவிடலாமா? அதுவும் கெடுதல். முழங்கால் வலி கூடினால் வெளியே போவது குறையும், போனைக் கையில் எடுப்பதும் குறையும். காலி நாட்களை நீக்கினால் நல்ல நாட்கள் மட்டும் மிஞ்சி, உண்மையான சரிவு மறைந்துபோகும். 0 போட்டால் சரிவு ஊதிப் பெருகும்.

எனவே செயலி ஓடியதா, போன் உடம்போடு இருந்ததா, எத்தனை காலடி என்ற மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். செயலி ஓடியதா என்பதற்கு 15 நிமிடத்துக்கு ஒரு குறி போதும்; பின்னணி வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜர் அதைவிடக் குறைந்த இடைவெளியை ஏற்காது, போன் உறக்க நிலையில் இருந்தால் அந்தக் குறியும் தாமதமாகும். போன் உடம்போடு இருந்ததா என்பதை அசைவை உணரும் ஆக்சிலரோமீட்டர் சொல்லும்: மேசைமேல் கிடந்தால் சென்சார் இரைச்சல் மட்டுமே தெரியும், பையில் இருந்தால் ஆள் உட்கார்ந்திருந்தாலும் லேசான அசைவு இருக்கும். இந்த இரண்டும் ‘ஆம்’ என்றால்தான் காலடிக் கட்டத்தில் 0. இல்லையென்றால் காலியாக விடுங்கள். இடுப்பில் கட்டும் கருவிகளுக்கு, நாளுக்கு 10 மணி நேரமாவது அணிந்திருந்தால்தான் அந்த நாள் கணக்கில் சேரும் என்பது பழகிய அளவுகோல். போனில் பலர் அதை எட்டமாட்டார்கள். உங்கள் வரம்பைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதிவையுங்கள். போன் உடம்போடு இருந்த நேரத்தையும் முடிவுகளில் காட்டுங்கள்.

ஏழு நாள் கெடு

ஐபோனின் காலடி எண்ணியை நேரடியாகக் கேட்டால் கடந்த 7 நாட்களை மட்டுமே தரும். செயலியை எட்டாம் நாள் திறந்தால் முதல் நாள் போனது போனதுதான்.

மெதுவாக நடப்பவரைக் காலடியால் அளப்பது

வேகம் வினாடிக்கு 0.5 மீட்டரை ஒட்டி இறங்கும்போது எண்ணிகள் காலடிகளைத் தவறவிடத் தொடங்கும். வாக்கர் பிடித்து நடந்தால் இன்னும் மோசம். ஆய்வில் சேர்க்கும் அன்றே, கண்ணால் எண்ணி 50 காலடி நடக்கவைத்து ஒப்பிடுங்கள். பெரிதாக விலகினால் அவருக்குக் காலடிக் கணக்கு வேண்டாம், நேரம் பார்த்து நடைவேகம் அளக்கலாம்.

4 மீட்டர் நடையை விரலால் நிறுத்துவது

நடைவேகம் அளக்க 4 மீட்டர் நடக்கவைத்து நேரம் பார்ப்பார்கள். வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் 4 மீட்டருக்கு 5 வினாடி. திரையைத் தட்ட அரை வினாடி தாமதித்தால் வேகம் 0.73 ஆகிவிடும். 0.1 மாற்றத்தையே பொருட்படுத்தத்தக்கது என்று கொள்ளும் துறை இது. ஒருவர் நடக்க இன்னொருவர் தட்டட்டும், அல்லது தூரத்தை 10 மீட்டராக்குங்கள்.

வீட்டுக்குள் ஜிபிஎஸ்

வேண்டாம்.

நடுவில் போன் மாற்றுவது

தேதியையும் மாடலையும் குறியுங்கள். முடிந்தால் ஒரு வாரம் இரண்டு போனையும் சேர்த்தே வைத்திருக்கச் சொல்லுங்கள்.