மேற்கு வர்ஜீனியா மலைகளில் படமெடுக்க இடம் தேடுவது எப்படி?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கம் முதல்முறை கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். இணையத்தில் பார்த்த அதே பாலம், அதே அருவி, அதுவும் உச்சிவெயிலில் போய் நின்று நாலு படம் எடுத்துவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று திரும்பிவருவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த மலைகளில் உள்ள மேற்கு வர்ஜீனியா மாநிலத்தை வைத்தே சொல்கிறேன், நான் அதிகம் சுற்றியது அங்கேதான்.

முதல் வேலை வீட்டில். சாலை வரைபடம் போதாது, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை (யு.எஸ்.ஜி.எஸ்) வெளியிடும் சம உயரக் கோட்டு வரைபடங்களை எடுங்கள், இலவசம்தான். கோடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றால் அது செங்குத்துச் சரிவு, அதன் தலைப்பில் பாறை விளிம்பு இருக்கலாம். அப்படிப்பட்ட கோடுகளை ஒரு ஓடை குறுக்கே கடந்தால் அங்கே அருவி இருக்கவும் வாய்ப்புண்டு. விளிம்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். டாலி சாட்ஸ் என்ற மேட்டுநிலத்தில் உள்ள பேர் ராக்ஸ் என்ற பாறை விளிம்பு, மலைத்தொடரின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, அது சூரிய உதயத்துக்கான இடம். பிளாக்வாட்டர் ஃபால்ஸ் பூங்காவின் லிண்டி பாயிண்டுக்கு மாலையில் போக வேண்டும். மாற்றிப் போனால் இரண்டும் பாழ்.

அடுத்து, வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஒரு தடவை கிரீன் பேங்க் பக்கம் போய், விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, முச்சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் காரை நிறுத்திக்கொண்டு முழித்தேன். அங்கே இருக்கும் வானொலித் தொலைநோக்கிகளுக்காக 1958ல் சுமார் 13,000 சதுர மைல் பரப்பை வானொலி அமைதி மண்டலமாக அறிவித்திருக்கிறார்கள், கிரீன் பேங்க் பக்கம் கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. (தொலைநோக்கிக்கு மிக அருகில் போனால் டிஜிட்டல் கேமராவே கூடாது, ஃபிலிம் கேமராதான். நம் தொழிலுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!)

மூடுபனியைப் படித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இரவில் வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருந்தால், குளிர்ந்த காற்று சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். ஆற்று ஈரம் சேர்ந்து விடியற்காலையில் பனி நிரம்பிவிடும். அதனால் ஆற்றுக்கு நேர் மேலே உள்ள உயரமான இடமாகப் பாருங்கள். நியூ ரிவர் பள்ளத்தாக்கில் கிராண்ட்வியூ என்ற மலை விளிம்பு, ஆற்றிலிருந்து ஏறக்குறைய 1,400 அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் காலையில் கீழே ஆறே தெரியாது, வெள்ளைக்கு நடுவே முகடுகள் மட்டும் தீவு மாதிரி நிற்கும். சூரியன் ஏறஏற பனி கிழிந்து, வளைந்து போகும் ஆறு துண்டு துண்டாக வெளியே வரும், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவ்வளவு சீக்கிரம் எழுந்து வருகிறோம்.

மேகமூட்டமா? அருவிக்குப் போங்கள். பிளாக்வாட்டர் அருவி 57 அடிதான், ஆனால் தண்ணீர் பாலில்லாத தேநீர் நிறம். ஹெம்லாக், சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்களின் உதிர்ந்த ஊசியிலைகளிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் காரணம். வெயிலில் எடுத்தால் நுரை வெளுத்து, நிறம் செத்துவிடும். ட்ரைபாடும், லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஈர இலைகளின் பளபளப்பை ஃபில்டர் வெட்டிவிடும்.

இலை நிறம் மாறுவது மேலிருந்து கீழே இறங்கும். டாலி சாட்ஸ் மேட்டில் செப்டம்பர் கடைசியிலேயே சிவந்துவிடும், நியூ ரிவர் பக்கம் அக்டோபர் பாதிக்கு மேல் ஆகும். நவம்பர் கடைசியில் மான் வேட்டைக் காலம், பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். டாலி சாட்ஸ் இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் பயிற்சி நடந்த இடம் என்பதால் தடத்தை விட்டும் இறங்கக் கூடாது, கிடக்கும் உலோகத்தைத் தொடவே கூடாது, வெடிக்காத குண்டாக இருக்கலாம்.

அப்புறம், வரைபடத்தில் இல்லாத இடங்கள். பழைய வைக்கோல் கொட்டகைகள், வேலிகள், புல்வெளி நடுவே ஒற்றை மரம் எல்லாம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் நிலத்தில் இருக்கும். மரத்தில் ஊதா பெயின்ட் கோடு கண்டால் உள்ளே வராதே என்று அர்த்தம். கோடு இல்லாவிட்டாலும் போய்க் கேளுங்கள். ஒருமுறை தகரக்கூரைக் கொட்டகை ஒன்றைப் பார்த்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அனுமதி கேட்டேன். என் கேமராவை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போது எடுத்து என்ன பண்ணப் போகிறாய், காலை ஏழு மணிக்கு வா, மாடுகள் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வரும், வெளிச்சமும் அப்போதுதான் அந்தப் பக்கம் விழும்" என்றார். மறுநாள் போனேன். ஏழு அடித்து ஐந்து நிமிடம், மாடுகள் வந்தன.