கார் பூட் சேலில் விலைபோகாத மின்சாதனங்கள்: என் அனுபவம்

இங்கிலாந்தில் ஞாயிறு காலைகளில் புல்வெளியில் கூடும் கார் பூட் சேலில், அதாவது காரின் டிக்கியில் கொண்டுவந்த பழைய பொருட்களை விற்கும் சந்தையில், எங்கள் பழைய துணிமணிகளும் பாத்திரங்களும் விடிந்த சற்று நேரத்திலேயே விற்றுவிட்டன. மேசை விளக்கு, ரேடியோ, கேக் மாவு கலக்கும் மிக்ஸர் ஆகியவை மட்டும் வாரக்கணக்கில் வீடு திரும்பின. விளக்கின் விலையைப் பத்துப் பவுண்டிலிருந்து ஐந்தாக்கி, பின்னர் இரண்டாகவும் குறைத்தேன்; பார்ப்பவர்களின் சந்தேகம்தான் கூடியது. 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதி ஒட்டியதையும் எவரும் நம்பவில்லை, ஏனெனில் அந்தப் புல்வெளியில் சோதித்துப் பார்க்க மின்சாரம் கிடையாது.

ஒரு முதியவர் விளக்கை விட்டுவிட்டுப் பிளக்கைத் திருப்பி, பின்கள் உள்ள பக்கத்தைப் படித்தார். பிரிட்டிஷ் பிளக்கினுள்ளே, மின்சாரம் அளவு மீறினால் உருகி இணைப்பைத் துண்டிக்கும் ஃபியூஸ் உண்டு; அதன் அளவை அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். இத்தகைய சிறிய விளக்குக்கு 3 ஆம்பியர் போதும், ஆனால் அதில் இருந்தது கெட்டிலுக்குரிய 13 ஆம்பியர். பழகிய வாங்குநர்கள் பார்ப்பது இதைத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஃபியூஸை மாற்றி, பிளக்கையும் ஒயரையும் துடைத்து, முகாம்களுக்குக் கொண்டுசெல்லும் 300 வாட் பேட்டரிப் பெட்டியை மேசைக்கடியில் வைத்து, விளக்கை எரியவிட்டே காட்சிக்கு வைத்தேன். கெட்டில், டோஸ்டர் போன்றவற்றை அந்தப் பெட்டி தாங்காது. ஆனால் என்னுடைய இம்மூன்றுக்கும் அது போதுமானதாக இருந்தது. மீண்டும் பத்துப் பவுண்டு என்று எழுதிய விளக்கு, சிறு பேரத்துக்குப் பின் எட்டுக்குப் போனது. ரேடியோவும் மிக்ஸரும் அன்று காலையிலேயே விற்றன, நிம்மதி.