'என்று சொன்னான் என்றார்': வேத வசனம் சொல்லி வாதம் பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் எங்க வாலிபர் குரூப்புல ஒரு தம்பி ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தான். ஃபேஸ்புக்ல வேற மதத்துக்காரர் யாரோ ஒருத்தர் "உங்க இயேசு எதிரிகளை வெட்டச் சொல்லியிருக்காரு, லூக்கா 19:27 பாருங்க"ன்னு எழுத, நம்ம தம்பி பதிலுக்கு அவங்க வேதத்துல இருந்து ஒரு வரிய எங்கயோ தேடி எடுத்து ஒட்டிட்டு, "அண்ணே நல்லா குடுத்தேன்லா"ன்னு எங்கிட்டயே கேக்கான். எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல. ஏன்னா இதே வேலைய இருபது வருஷத்துக்கு முன்னாடி நானும் செஞ்சிருக்கேன்.

பாளையங்கோட்டை பக்கம் ஒரு சேகரத்துல (சில சபைகள் சேந்த வட்டாரம்) ரொம்ப வருஷமா வாலிபருக்கு வேதபாடம் எடுத்துட்டு வாறேன், அப்பப்ப பிரசங்கமும் உண்டு. அதிகாரம் மாத்தி சொல்றது, பவுல் சொன்னத பேதுரு சொன்னதா சொல்றது, இதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல. அது தானா சரியாயிரும்.

சொன்னது யாருன்னு பாக்காம வெட்டுறது

இதுதான் பெரிய தப்பு, இப்பவும் பாத்தா எனக்கு கோவம் வர்ற தப்பு.

அந்த லூக்கா வசனத்தையே எடுத்துக்கோங்க. "தங்கள்மேல் நான் ராஜாவாகிறதற்கு மனதில்லாதிருந்தவர்களாகிய என்னுடைய சத்துருக்களை இங்கே கொண்டுவந்து, என் முன்பாக வெட்டிப்போடுங்கள்". ஃபேஸ்புக்ல சுத்துற படத்துல இது வரைக்கும்தான் இருக்கும். ஆனா வசனம் அங்க முடியல. "என்று சொன்னான் என்றார்"னு முடியுது. சொன்னான், என்றார். ரெண்டு பேர் இருக்காங்க பாத்தீங்களா? சொன்னவன் கதைக்குள்ள வர்ற ராஜா, என்றவர் அந்தக் கதைய சொல்ற இயேசு. 12-ஆம் வசனத்துலயே "பிரபுவாகிய ஒருவன்"னு உவமை ஆரம்பிச்சிருது, ராஜ்யம் வாங்கிட்டு வர தூரதேசம் போறான், ஊர்க்காரங்களுக்கு அவன பிடிக்கல. கேட்டுட்டு இருந்த ஜனங்களுக்கு இது புதுசும் இல்ல, ஏரோது ராஜா செத்த பிறகு அவன் மகன் அர்கெலாயு பட்டத்துக்காக ரோமாபுரிக்கு போனதும், இவன் எங்களுக்கு ராஜாவா வேண்டாம்னு யூதர்கள் கூட்டமா பின்னாடியே போய் மனு குடுத்ததும் யோசேப்பஸ்ங்கிற யூத சரித்திரக்காரர் எழுதினதுல இருக்கு. உவமையில நியாயத்தீர்ப்பு எச்சரிக்கை இருக்கு, அத நான் மழுப்பல. ஆனா போய் வெட்டுங்கடான்னு சீஷனுக்கு போட்ட உத்தரவு இல்ல அது. அதே அதிகாரம் 41-ஆம் வசனத்துல எருசலேம் நகரத்தப் பாத்து அழுதவர் அவர்.

நம்ம தமிழ்ல யார் சொன்னதுங்கிறது பெரும்பாலும் வாக்கியத்தோட வால்லதான் கிடக்கும். வால நறுக்கிட்டா ஆள் காணாம போயிருவான். அதுலயும் நம்ம பழைய மொழிபெயர்ப்புல மேற்கோள் குறியே கிடையாது, "நோக்கி:"ன்னு ரெண்டு புள்ளி, அப்புறம் கடைசியில "என்றார்", இடையில சில சமயம் ஒரு அதிகாரமே ஓடிரும். யோபு 8:7 பாருங்க, "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்". கடை திறப்பு பத்திரிகை, வாக்குத்தத்த அட்டை எல்லாத்துலயும் இருக்கும். சொன்னது கர்த்தர் இல்ல, யோபுவப் பாக்க வந்த மூணு சிநேகிதர்ல ஒருத்தனான பில்தாத். அதுக்கு மூணு வசனம் மேல, பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து உக்காந்திருக்கிற தகப்பன்கிட்ட உம்ம பிள்ளைங்க பாவம் செஞ்சிருப்பாங்கன்னு பேசின அதே ஆளு. 42-ஆம் அதிகாரத்துல கர்த்தரே அந்த சிநேகிதர் மூணு பேர் மேலயும் கோபம்னு சொல்லுறார்.

இதுல உயிரே போயிருக்கு. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக"ன்னு மத்தேயு 27-ல கத்துனது பிலாத்துக்கு முன்னாடி நின்ன கூட்டம். அத தேவனே எழுதிக் குடுத்த தீர்ப்பு மாதிரி தூக்கிட்டு நூற்றாண்டு நூற்றாண்டா யூதர்கள அடிச்சிருக்காங்க, கத்தோலிக்க சபை அந்தப் பழிய எல்லா யூதர் மேலயும் போடக்கூடாதுன்னு 1965-ல தான் வத்திக்கான் பொதுச்சங்கத்துல எழுதி வச்சிச்சு. ஆதியாகமம் 9-ல சபிச்சது நோவா, சபிக்கப்பட்டவன் நோவாவோட மகன் காமுக்கு பிறந்த கானான். அத "காமுக்கு கர்த்தர் போட்ட சாபம்"னு மாத்தி அமெரிக்காவுல அடிமை வச்சிருந்தவங்க கறுப்பின மக்கள் மேல சுமத்துனாங்க. நம்ம ஊர்லயும் சாதிக்கு வசனம் தேடுற ஆட்கள் இருக்காங்க, அவங்க பிடிக்கதும் இந்த மாதிரி வாலு போன வசனத்தத்தான்.

இப்ப என் கதை. வண்ணார்பேட்டையில ஒரு ஆபீஸ்ல வேலை பாத்தேன். பக்கத்து சீட்டுல மேலப்பாளையத்து பாய் ஒருத்தர், தினமும் நாலு மணிக்கு ரெண்டு பேரும் சேந்துதான் டீ குடிக்கப் போவோம். ஒரு நாள் பேச்சு வாக்குல மதத்துக்கு போயி, நான் ஏதோ ஒரு துண்டுப்பிரதியில படிச்ச ஒத்த வரிய வச்சு குர்ஆன்ல இப்படித்தான இருக்குன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அவர் கோவப்படல. "அதுக்கு மேல உள்ளத படிச்சீங்களா அண்ணாச்சி?"ன்னு மட்டும் கேட்டார். நான் படிக்கல. குர்ஆன் புஸ்தகத்தையே கையில எடுத்தது கிடையாது. மறுநாள்ல இருந்து அவர் தனியா டீ குடிக்கப் போயிட்டார். அவங்க வாப்பா மவுத்தான சேதி எனக்கு பதினஞ்சு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அதுவும் வேற ஆள் சொல்லி.

அதான் தம்பிகிட்ட சொன்னேன், லூக்கா வசனத்த அவன் வெட்டுனது தப்புன்னா நீ அவன் வேதத்த வெட்டுனதும் அதே தப்புதாம்லே.

யார்கிட்ட சொன்னதுன்னு பாக்காதது

டயோசிசன் தேர்தல் (திருச்சபை நிர்வாகத் தேர்தல்) வந்தா எங்க பக்கம் ஒரு வசனம் கிளம்பிரும், "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்", சங்கீதம் 105:15. ஒரு கமிட்டி கூட்டத்துல வயசான ஒருத்தர் எழும்பி கட்டட நிதிக்கு வரவு செலவு கேட்டார். இந்த வசனத்த சொல்லி அவர உக்கார வச்சிட்டாங்க, நானும் அன்னைக்கு வாய தொறக்கல, அது இப்பவும் உறுத்துது. 12-ஆம் வசனத்துல இருந்து படிங்க: தொடக்கூடாதுன்னு சொல்லப்பட்டது ராஜாக்கள்கிட்ட. காப்பாத்தப்பட்டது நிலம் கிடையாம ஊர் ஊரா அலைஞ்ச கொஞ்சம் பரதேசிகள். பலம் உள்ளவன் கைய தடுக்க வந்த வசனத்த பலம் உள்ளவனுக்கு கேடயமா மாத்தியாச்சு. காணிக்கைப் பண விஷயத்துல ஒருத்தரும் எங்கள குத்தம் சொல்லாதபடி ஜாக்கிரதையா இருக்கோம்னு பவுல் 2 கொரிந்தியர் 8-ல எழுதியிருக்கார், அத யாரும் அந்தக் கூட்டத்துல வாசிக்கல.

ரோமர் 13-ஐ ஆட்சிக்கு தக்க எடுக்கிறது

நமக்கு பிடிச்ச கட்சி ஜெயிச்சா ரோமர் 13:1 (அதிகாரம் உள்ளவங்களுக்கு கீழ்ப்படியுங்க), தோத்தா அப்போஸ்தலர் 5:29 (மனுஷங்கள விட தேவனுக்குத்தான் கீழ்ப்படியணும்). ரெண்டும் வேதத்துல இருக்கு, ரெண்டையும் சேத்து வச்சுதான் படிக்கணும். தென்னாப்பிரிக்காவுல நிறவெறி அரசாங்கத்துக்கு கீழ்ப்படியணும்னு ரோமர் 13-ஐ காட்டினப்ப, 1985-ல அங்கத்த கிறிஸ்தவங்களே கைரோஸ் அறிக்கையில அத எதிர்த்து எழுதினாங்க. இன்னொன்னு, 12, 13ன்னு நம்பர் போட்டது பவுல் இல்ல. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டு, புதிய ஏற்பாட்டுக்கு இப்ப இருக்கிற வசன எண் 1551. 12-ஆம் அதிகாரக் கடைசியில பழிவாங்காதீங்கன்னு சொல்லிட்டுதான் நிறுத்தாம இதுக்கு வாறார்.

"பணம் எல்லாத் தீமைக்கும் வேர்"

பணம் இல்ல. பண ஆசை. 1 தீமோத்தேயு 6:10.

"தனக்குத்தானே உதவுறவனுக்கு தேவன் உதவுவார்"

வேதத்துல இல்ல.

எரேமியா 29:11 மட்டும் படிக்கிறது

11-ல நல்ல எதிர்காலம் தருவேன்னு கர்த்தர் சொல்லுறார். 10-ஐயும் படிங்க. அதுக்கு முன்னாடி பாபிலோன்ல எழுபது வருஷம்னு இருக்கு.

ஃபார்வர்டு வந்த உடனே பதில் போடுறது

மேல பத்து வசனம், கீழ பத்து வசனம் வாய்விட்டு வாசிங்க, "என்றார்", "என்றான்" வர்ற இடத்துல விரல வச்சு யாருன்னு கேளுங்க. அடுத்தவங்க வேதமா இருந்தா அத தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போய் கேளுங்க. அந்தத் தம்பிய போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச பிறகு உக்கார வச்சு லூக்கா 19 முழுசும் வாசிக்கச் சொன்னேன். 27-ஆம் வசனத்துல வந்து நின்னான். "அண்ணே, இது கதையில வாறவன் சொல்லுததா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். ஃபோன எடுத்து அந்தப் பதில அழிச்சான்.