புதராகிவிட்ட பிளாக்பெர்ரி: எந்தத் தண்டை வெட்டுவது, எதை விடுவது

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீட்டையொட்டி இரண்டு சென்ட் நிலத்தில் ஆசையாக ஒரு பிளாக்பெர்ரிச் செடியை நட்டு, மூன்று ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால், பிறகு அதன் அருகே போவதற்கே வழியிருக்காது. அந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். தேயிலையைக் கவாத்து செய்து பழகிய கை, இந்தப் புதரையும் ஒரே மட்டமாக வெட்டிவிடுகிறது. தேயிலைக்கு அது பொருந்தும். அங்கே நமக்கு வேண்டியது கொழுந்து, வெட்டிய இடமெல்லாம் துளிர்க்க வேண்டும். பிளாக்பெர்ரியில் அப்படி வெட்டினால், அடுத்து காய்க்கவேண்டிய தண்டு பாதியாகிப்போகிறது, காய்த்து முடிந்து சாகப்போகிற தண்டின் அடிப்பகுதியோ அப்படியே நிற்கிறது. நானும் முதல்முறை அப்படித்தான் வெட்டினேன். அடுத்த ஆண்டு பழம் மிகக் குறைவாக வந்தது, முள் மட்டும் அடர்த்தியானது.

இந்தச் செடியின் வேர் பல ஆண்டுகள் வாழும். தண்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டுதான். முதல் ஆண்டு தூரிலிருந்து நீண்டு வளரும் தண்டு, இரண்டாம் ஆண்டு பூத்துக் காய்த்து, பழம் ஓய்ந்ததும் பட்டுப்போகும். ஆகவே காய்த்த தண்டைத் தரையோடு வெட்டவேண்டும், காய்க்காத இளந்தண்டைக் காப்பாற்றவேண்டும். மற்ற வேலைகளெல்லாம் இதைச் சார்ந்தவையே. பழைய தண்டு பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ கட்டைபோல் இறுகியிருக்கும், பக்கக்கிளைகளின் நுனியில் பழம் உதிர்ந்த காம்புகள் காய்ந்து நிற்கும். புதிய தண்டு பச்சையாகவோ செந்நிறம் கலந்தோ இருக்கும், பெரும்பாலும் கிளைவிடாமல் நேரே தூரிலிருந்து வந்திருக்கும். பல வகைகளில் புதிய தண்டின் இலை ஐந்து சிற்றிலைகளாகவும், காய்க்கும் கிளையின் இலை மூன்று சிற்றிலைகளாகவும் பிரிந்திருப்பதும் ஓர் அடையாளம். முதலாண்டுத் தண்டிலேயே நுனியில் காய்க்கும் புதிய வகைகளும் உண்டு. அவற்றில் காய்த்த நுனியை மட்டும் வெட்டி, மீதித் தண்டை அடுத்த காய்ப்புக்கு விடலாம்.

கத்தரியை எடுக்கும் முன் செடி பிளாக்பெர்ரிதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. பறித்த பழத்தோடு நடுத்தண்டும் சேர்ந்தே வந்தால் பிளாக்பெர்ரி. நடுத்தண்டு செடியிலேயே நின்று, பழம் கிண்ணம்போல் குழிந்து வந்தால் அது ராஸ்பெர்ரி இனம். நீலகிரியின் வேலியோரங்களில் தானாக வளர்ந்து மஞ்சள் பழம் தரும் முள்செடி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது நம் மலையின் சொந்தச் செடி, சின்னான் குருவிகளுக்கு இரையும்கூட. பாதையை மறிக்காதவரை அதை அழிக்காமல் விடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

எந்த மாதத்தில் வெட்டுவது என்று பலரும் கேட்கிறார்கள். ஊருக்கு ஊர், உயரத்துக்கு உயரம் காய்ப்பு முன்பின்னாக வருவதால், நாட்காட்டியைவிடத் தண்டைப் பார்த்து முடிவு செய்வதே சரி. பழம் ஓய்ந்தபின், மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டலாம். உதகை போன்று உறைபனி விழும் இடங்களில் டிசம்பருக்குச் சற்று முன்னதாகப் பெருமளவில் வெட்டுவதும் உரமிடுவதும் கூடாது. அப்போது கிளம்பும் இளந்துளிர் பனியில் கருகிவிடும்.

அடர்ந்த புதர் என்றால் முதலில் ஒரு நீளக் கம்பால் தட்டி ஓசை எழுப்பிவிட்டு, சற்று நேரம் காத்திருந்து அருகே செல்லுங்கள். பழ வாசனைக்குக் கரடி வரும் ஊர் இது. காட்டுப்பன்றியும் பாம்பும் இத்தகைய மறைவிடங்களில் படுத்திருப்பதுண்டு. தடித்த தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நீளப்பிடி கவாத்துக் கத்தரி ஆகியவற்றோடு ஒரு கவைக்கோலும் வேண்டும். முள்தண்டைக் கவையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டினால் கை கிழிபடாது.

வேலையை வெளிவிளிம்பிலிருந்து தொடங்கவேண்டும். வளைந்து மண்ணைத் தொட்ட ஒவ்வொரு நுனியும் அங்கே வேர்விட்டுப் புதிய செடியாகியிருக்கும்; ஒரு தூர் தோட்டம் முழுதும் நடந்து பரவுவது இப்படித்தான். வேர்விட்ட நுனியிலிருந்து அரையடி விட்டு மேலே வெட்டி, அந்த அரையடியைப் பிடியாகப் பற்றிக் களைக்கொத்தால் வேரோடு கிளப்பிவிடுங்கள். பிறகு காய்த்து ஓய்ந்த தண்டுகளை, நுனியிலிருந்து அடிவரை இரண்டிரண்டு அடித் துண்டுகளாக நறுக்கி எடுங்கள். முழுத் தண்டையும் பிடித்து இழுத்தால் பக்கத்து இளந்தண்டுகளைக் கிழித்துக்கொண்டுதான் வரும். அடியில் குச்சி நிற்காமல் தரையோடு வெட்டுவது முக்கியம்.

எஞ்சிய புதிய தண்டுகளில் மெலிந்தவற்றையும் நோய்ப்பட்டவற்றையும் நீக்கி, தூருக்கு 4 முதல் 6 திடமான தண்டுகளை மட்டும் வையுங்கள். மனம் வராதுதான், ஆனால் மூடுபனி நாட்கணக்கில் தங்கும் இந்த மலையில், காற்றுப் புகாத தூரில் பழம் பூசணம் பிடித்து அழுகும். நிமிர்ந்து வளரும் வகையானால் தண்டு சுமார் 4 அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, கிளைத்த பக்கக்கிளைகளை அடுத்த பூப்புக்கு முன் ஒன்று, ஒன்றரை அடியாகக் குறைக்கவேண்டும். படரும் வகையானால் கிள்ளாமல், 3 அடியிலும் 5 அடியிலும் இரண்டு கம்பி இழுத்து அதில் வளைத்துக் கட்டவேண்டும். கட்டுவதற்குத் தென்னங்கயிறோ பழைய துணிக்கிழிசலோ போதும்.

எது பழையது, எது புதியது என்றே தெரியாத அளவுக்குப் பின்னிக்கிடந்தால், முழுத் தூரையும் தரையோடு வெட்டிவிடலாம். ஒரு காய்ப்பு போகும். ஆனால் பிறகு வருவதெல்லாம் ஒரே வயதுத் தண்டுகள், நிர்வகிப்பது எளிது. இரண்டு தூர் இருந்தால் ஆண்டுக்கு ஒன்றாகச் செய்தால் வீட்டுக்குப் பழமும் நிற்காது.

வேரிலிருந்து பாதையில் முளைக்கும் கன்றுகளைக் கத்தரியால் வெட்டினால் மீண்டும் கிளைத்து வரும். அரையடி உயரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போதே அடியோடு பிடுங்கவேண்டும். செடியே வேண்டாம் என்று தோண்டுவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள்: அறுபட்டு மண்ணில் தங்கும் வேர்த்துண்டும் முளைக்கும், முள்ளில்லாத சில வகைகளில் அப்படி முளைப்பது முள்ளோடு வரும். சரிவான இடத்திலும் கல்கட்டின் விளிம்பிலும் மழைக்கு முன் தோண்டவே கூடாது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் எத்தனை சரிவுகள் இடிந்தன என்பதைக் கண்டவர்கள், வேர் பிடித்திருக்கும் மண்ணை ஐப்பசியில் கிளறமாட்டார்கள். அத்தகைய இடத்தில் தண்டை மட்டும் தரையோடு வெட்டி, தோண்டுவதை மழை ஓய்ந்த தை, மாசிக்குத் தள்ளிவைத்து, தோண்டிய உடனே வேறொன்றை நடவேண்டும்.

வெட்டிய தண்டுகளை ஓடைக்கரையிலோ சோலையோரத்திலோ கொட்டாதீர்கள்; ஈரமண்ணில் பச்சை நுனி வேர்விட்டுவிடும். தகரத்தின்மேல் பரப்பி நன்றாகக் காயவிட்டு, அதன்பின் அப்புறப்படுத்துங்கள்.

தூரைச் சுற்றி மக்கிய தொழுவுரம் இட்டுச் சருகால் மூடியபின் ஒரு சிறு வேலை மிச்சம் இருக்கிறது. காய்க்காமல் விட்டுவைத்த ஒவ்வொரு தண்டின் அடியிலும் சிவப்புத் துணி நாடா ஒன்றைத் தளர்வாகக் கட்டிவையுங்கள். அடுத்த பழம் ஓய்ந்ததும் நாடா உள்ள தண்டுகளை வெட்டி, அதே நாடாவை அவ்வாண்டின் புதிய தண்டுகளுக்கு மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்.