ஸ்டாக்ஃபிஷ், லீலா, பெர்செர்க்: உங்கள் கணினியிலேயே மோதவிட்டுப் பாருங்கள்

எந்த செஸ் இன்ஜின் (செஸ் ஆடும் மென்பொருள்) பலசாலி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, வீட்டுக் கணினியிலேயே மோதவிட்டுப் பார்த்துவிடலாம், பைசா செலவில்லை.

முதலில் ஸ்டாக்ஃபிஷ். அதன் தளத்தில் ஒரே பதிப்புக்குப் பல கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வகை பிராசஸருக்கு. ஏவிஎக்ஸ்2 என்று போட்டிருப்பதை எடுங்கள். பழைய பென்டியம், செலரான் லேப்டாப்பில் அது ஓடாது, அதற்கு எஸ்எஸ்இ4.1 உள்ளதை எடுக்க வேண்டும். இறக்கியதைத் திறந்தால் வெறும் கருப்புத் திரைதான் வரும். பயப்படாதீர்கள், இன்ஜினுக்குப் பலகை கிடையாது. அதில் 'யுசிஐ' (uci) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பட்டியல் ஓடி, கடைசியில் 'யுசிஐ ஓகே' (uciok) என்று நிற்கும். அது வந்தால் இன்ஜின் நலம். 'பெஞ்ச்' (bench) என்று தட்டினால் ஒரு வினாடிக்கு எத்தனை நிலைகளை அலசுகிறது என்று சொல்லும்.

சரி, பலகைக்கு க்யூட் செஸ் என்ற மென்பொருள் போதும், அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். டூல்ஸ், செட்டிங்ஸ், இன்ஜின்ஸ் என்று போய் ஒவ்வொரு இன்ஜினாகச் சேர்த்துவிடுங்கள்.

ஒப்பிடும்போதுதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று டெப்த் (எத்தனை நகர்த்தல் ஆழம் தேடுகிறது என்ற எண்) 30 காட்டுகிறது, இன்னொன்று 15 காட்டுகிறது என்றால் முதலாவது இரண்டு மடங்கு பலசாலி என்று அர்த்தமே இல்லை, ஒவ்வொன்றும் தேடுகிற விதமும் எண்ணுகிற விதமும் வேறு. யார் கை ஓங்கியிருக்கிறது என்று இன்ஜின் போடும் மதிப்பெண்ணும் அப்படித்தான்: ஸ்டாக்ஃபிஷ் 15.1இலிருந்து +1 என்றால் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று பொருள், மற்ற இன்ஜினின் +1 அதுவாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் முடிவை மட்டும் நம்புங்கள்.

அதற்கு டோர்னமென்ட் மெனுவில் புதிதாக ஒன்று தொடங்கி, இரண்டுக்கும் ஒரே நேரம் (10 வினாடியும் நகர்த்தலுக்கு 0.1 வினாடியும் தாராளம்), ஒரே ஹாஷ் (தேடியதை நினைவில் வைக்கும் மெமரி), ஒரு த்ரெட் (ஒரு பிராசஸர் இழை), பாண்டர் (எதிராளியின் முறையிலும் யோசிப்பது) ஆஃப் என்று வையுங்கள். ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) கோப்பு ஒன்றைக் கொடுத்து, ஒரே ஓப்பனிங்கை நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளைக்குக் கிடைக்கும் சாதகம் கணக்கைக் கெடுத்துவிடும்.

பெரிய நியூரல் வலையை நம்பி ஓடும் லீலா செஸ் ஜீரோவை நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் மோதவிடாதீர்கள். சிபியுவில் அது திணறித் தோற்கும், அதை வைத்து அதன் பலத்தை எடைபோடுவது அநியாயம். கார்டு இல்லாதவர்கள் சிபியுவிலேயே ஓடும் பெர்செர்க் இன்ஜினை எடுங்கள். என்னைக் கேட்டால் ஸ்டாக்ஃபிஷ் 11ஐயும் 12ஐயும் மோதவிடுவதுதான் முதல் பாடம். இரண்டும் 2020இல் வந்தவை, ஆனால் ஷோகி என்ற ஜப்பானிய சதுரங்கத்துக்காக யு நாசு உருவாக்கிய என்என்யூஈ என்ற சிறு நியூரல் வலை 12இல்தான் முதன்முதலாக நுழைந்தது. அந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்று ஸ்கோரிலேயே தெரியும்.

பத்து ஆட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பாதி டிராவாகும் 100 ஆட்டத்தில்கூட ஈலோ (ஆடும் பலத்தை அளக்கும் புள்ளி) வித்தியாசம் ஏறக்குறைய 50 புள்ளி இப்படியோ அப்படியோ தப்பலாம். அதனால் நெருக்கமான இரண்டு இன்ஜின்கள் என்றால் இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பாருங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் மோடை அணைத்துவிட்டு.