தோற்ற கட்சியின் கணக்கை எழுதும்போது

தேர்தல் தரவை வைத்து எழுதப் பழகுபவர்களின் வரைவுகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகு ‘லத்தீனோக்கள் டிரம்ப் பக்கம் சாய்ந்தார்கள்’ என்ற வாக்கியம் ஏதாவது ஒரு உருவில் இல்லாத வரைவைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. லத்தீனோக்கள் என்றால் லத்தீன் அமெரிக்க வம்சாவளி அமெரிக்கர்கள். 2004இல், டிரம்பைப் போலவே குடியரசுக் கட்சிக்காரரான புஷ் மறுபடி வென்றபோது எங்கள் தலைமுறையும் பெயரை மட்டும் மாற்றி இதைத்தான் எழுதியது. பெயர்ப் பிழை, மாநிலக் குழப்பம் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராவது பிடித்துவிடுவார்கள். எளிதில் பிடிபடாத தவறுகள் சிலவற்றைத்தான் கீழே சொல்கிறேன்.

இரண்டு கணிப்புகளை ஒட்டுப்போடுவது

லத்தீனோக்களிடம் டிரம்ப் பெற்ற ஆதரவு, எக்ஸிட் போல் கணக்கில் 2020இல் 32 சதவீதம், 2024இல் 46. உண்மையில் வாக்களித்தவர்தானா என்று பதிவேட்டில் சரிபார்த்த ப்யூ ஆய்வு மையத்தின் கணக்கில் அது 36, பிறகு 48. ஒருவர் அங்கிருந்து 32ஐயும் இங்கிருந்து 48ஐயும் எடுத்து, ‘16 புள்ளி பாய்ச்சல்’ என்று தலைப்பு வைத்திருந்தார். தலைப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அப்படி ஒரு பாய்ச்சல் எந்தக் கணிப்பிலும் இல்லை. புஷ் விஷயத்திலும் முதலில் 44 என்று சொன்ன எக்ஸிட் போல் எண், பின்னால் வந்த ஆய்வுகளில் 40 பக்கம் இறங்கியது.

சதவீதம் மாறினால் ஆளும் மாறினார் என்று நினைப்பது

எனக்கு இன்னும் கோபம் வருவது இதற்குத்தான்.

டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஸ்டார் கவுன்ட்டி இருக்கிறது (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றது). அங்கே நூற்றுக்கு தொண்ணூற்றைந்துக்கு மேல் லத்தீனோ மக்கள். 1892க்குப் பிறகு, 2024க்கு முன்பு வரை, எந்தக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரும் அங்கே ஜெயித்ததில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் 60 புள்ளி வித்தியாசத்தில் முந்தினார். 2020இல் பைடனின் முன்னிலை 5 புள்ளிக்குச் சுருங்கியது. 2024இல் டிரம்ப் 16 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். உடனே எல்லாரும் எழுதினார்கள்: ஜனநாயகக் கட்சியின் கோட்டை எட்டே வருடத்தில் கட்சி மாறிவிட்டது.

சரி, சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஓட்டுகளை எண்ணிப் பாருங்கள். 2016இல் கிளின்டனுக்கு சுமார் 9,300, டிரம்புக்கு 2,200. 2020இல் பைடனுக்கு சுமார் 9,100, டிரம்புக்கு 8,200. பார்த்தீர்களா? ஜனநாயகக் கட்சியின் ஓட்டு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அதற்கு முன் பெட்டியிலேயே இல்லாத ஆறாயிரம் ஓட்டு டிரம்புக்கு வந்திருக்கிறது. அந்த வருடம் தொற்றுக்குப் பயந்து ஜனநாயகக் கட்சி வீடு வீடாகப் போவதைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்திருந்தது. எதிர்த்தரப்பு நிறுத்தவில்லை. எண்ணெய் வயல் வேலையும் எல்லைக் காவல் வேலையும் பல வீடுகளுக்குச் சோறு போடுகிற பகுதி அது. அந்த வீடுகளில் யார் போய்ப் பேசினார்கள் என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

2024 கதை வேறு. டிரம்புக்குச் சுமார் 9,500, கமலா ஹாரிஸுக்கு 6,900. டிரம்புக்குக் கூடியது ஏறக்குறைய 1,200தான், ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்ததோ 2,200க்கு மேல். பதிவான மொத்த ஓட்டும் ஆயிரத்துக்கு மேல் சரிந்திருக்கிறது. இந்த முறை சிலர் மாறியிருக்கலாம், சிலர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

கோட்டை கட்சி மாறிவிட்டது என்று எழுதிய பையன் ஒருவனிடம் கேட்டபோது, “ரெண்டுமே டிரம்ப் பக்கம் போனதுதானே சார், என்ன வித்தியாசம்?” என்றான். எல்லா வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது. தோற்ற கட்சி நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறிப் போனவருக்கு உங்கள் மேல் ஒரு குறை இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும். புதிதாக வந்தவரை நீங்கள் சந்தித்ததே இல்லை. வீட்டில் இருந்துவிட்டவருக்கு, எதிர்க்கட்சி பிடித்துப் போகாமலே உங்கள் மேல் அலுப்பு வந்திருக்கிறது. மூன்று நோய்க்கும் ஒரே கஷாயத்தைக் கொடுத்தால் எதுவும் குணமாகாது. தோற்ற கட்சிகள் வழக்கமாகக் கொடுப்பது அந்த ஒரே கஷாயத்தைத்தான், எழுதுகிறவர்களும் அதற்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

மொத்த ஓட்டை வைத்துத் தனி ஆளின் மனதைச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. இறந்தவர், குடிபெயர்ந்தவர், 18 வயதானவர் எல்லாரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். ப்யூ மாதிரி ஒரே ஆட்களைப் பின்தொடரும் ஆய்வு அதற்குத்தான் தேவை. நாடு முழுவதுக்குமான அவர்கள் கணக்கில், 2020இல் பைடனுக்குப் போட்டவர்களில் டிரம்புக்கு மாறியவர்கள் 5 சதவீதம், ஓட்டே போடாதவர்கள் 15 சதவீதம். எத்தனை கட்டுரைகளில் அந்த 15 இருந்தது?

நம் ஊர்ச் செய்திகளில் வரும் ‘சிறுபான்மையினர் ஓட்டு சிதறியது’ என்ற வரியையும் இதே சல்லடையில் போட்டுப் பார்க்கலாம். பூத் வாரியாக எண்ணிக்கை கிடைக்கிறது. யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

‘லத்தீனோ ஓட்டு’ என்று ஒருமையில் எழுதுவது

மயாமியின் கியூபா வம்சாவளியும், ஸ்டார் கவுன்ட்டியின் மெக்சிகோ வம்சாவளியும், பென்சில்வேனியாவின் புவேர்ட்டோ ரிக்கோக்காரரும் ஒரே காரணத்துக்காக ஓட்டுப் போடுவதில்லை.

முதல் வாரத்துக் கோபத்தை ஆதாரமாக்குவது

தேர்தலுக்கு மறுநாளே, தொழிலாளர்களைக் கைவிட்ட கட்சியைத் தொழிலாளர்கள் கைவிட்டதில் ஆச்சரியமில்லை என்று செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியைச் சாடி அறிக்கை விட்டார். அந்தக் கட்சியின் அப்போதைய தலைவர் ஜேமி ஹாரிசன் அதைச் சுத்தப் பிதற்றல் என்று தள்ளினார். இருவரும் சொன்னது 2024 நவம்பரில். ப்யூவின் சரிபார்த்த கணக்கு வந்தது 2025 ஜூனில்.

வாக்குச்சீட்டின் மேல்வரியோடு நின்றுவிடுவது

அமெரிக்க வாக்குச்சீட்டில் மேலே அதிபர் போட்டி, கீழே மற்றப் பதவிகளுக்கான போட்டிகள் இருக்கும். மிச்சிகனின் டியர்பார்ன், அரபு அமெரிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். 2020இல் பைடனுக்கு 70 சதவீதத்தை ஒட்டிய ஆதரவு தந்தது. 2024இல் டிரம்ப் 42, ஹாரிஸ் 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 18 சதவீதம். காசா போரில் பைடன் அரசு இஸ்ரேலை ஆதரித்ததுதான் காரணம் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. பிப்ரவரி உட்கட்சித் தேர்தலிலேயே மிச்சிகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ‘யாருக்கும் உறுதியளிக்கவில்லை’ என்று குறித்து எச்சரித்திருந்தார்கள். தோற்ற பிறகு கட்சி ஆதரவாளர்கள் பலர் ‘நன்றி கெட்டவர்கள்’ என்ற தொனியில் பொரிந்தார்கள். ஆனால் அதே நாள், அதே சீட்டில், அதே ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபை வேட்பாளர் ரஷிதா தலைப் அந்த ஊரில் எளிதாக முந்தினார். கட்சியையே உதறியிருந்தால் அவருக்கும் ஓட்டு விழுந்திருக்காது. அரிசோனாவிலும் ஹாரிஸ் தோற்ற அதே நாளில் அவர் கட்சியின் ரூபன் காயேகோ செனட் தொகுதியை வென்றார்.

தோல்வி அறிக்கையை வேதமாக எடுத்துக்கொள்வது

2012இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னிக்கு லத்தீனோ ஆதரவு 27 சதவீதம்தான். 2013இல் குடியரசுக் கட்சி தன் தோல்வியை ஆராய்ந்து, குடியேற்றச் சீர்திருத்தத்தை ஏற்காவிட்டால் எதிர்காலம் இல்லை என்ற பாணியில் அறிக்கை வெளியிட்டது. டிரம்ப் அதற்கு நேர் எதிராகப் பேசி 2016இல் ஜெயித்தார். பிறகு அதே சமூகத்தில் ஆதரவையும் கூட்டினார். அறிக்கை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரு சமூகத்துக்கு ஒரே கவலைதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள், விலைவாசி அவர்கள் கண்ணில் படவில்லை. ஜனநாயகக் கட்சியாவது தன் அறிக்கையைக் காட்டுமா என்றால், அதை வெளியிடப் போவதில்லை என்று புதிய தலைவர் கென் மார்ட்டின் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டார்.

‘திரும்பி வந்துவிட்டார்கள்’

இப்போது வரும் வரைவுகளில் இதுதான் புது நோய். நியூ ஜெர்சியின் பசேயிக் கவுன்ட்டியில் லத்தீனோக்கள் அதிகம். 2024இல் டிரம்ப் அங்கே ஜெயித்தார். 2025 நவம்பர் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் நல்ல வித்தியாசத்தில் முந்தினார். உடனே ‘வீடு திரும்பிய ஓட்டு’ என்று ஒரு வரைவு வந்தது. அதிபர் தேர்தலுக்கு வரும் கூட்டம் ஆளுநர் தேர்தலுக்கு வராது. டிரம்புக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் ஷெரிலுக்கு மாறினார்கள், எத்தனை பேர் வரவே இல்லை என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.