பிஎம்பி படத்தின் உயரம் 429 கோடியா? ஸ்பெக்கில் தரவு வகையைத் திருத்துவது எப்படி

காய்தாய் ஸ்ட்ரக்ட் என்பது கோப்பின் பைட் அமைப்பை விவரித்துக் கொடுத்தால் அதன்படி கோப்பைப் படித்துத் தரும் கருவி. அந்த விவரிப்புதான் ஸ்பெக். அதில் பிஎம்பி படக் கோப்புக்கு ஸ்பெக் எழுதி ஓட்டினால் பெரும்பாலான படங்கள் ஒழுங்காகத் திறக்கும். ஏதோ ஒரு படத்தில் மட்டும் உயரம் 4294966816 என்று வந்து நிற்கும். படத்தில் கோளாறு இல்லை, ஸ்பெக்கில்தான். அண்மையில் ஒரு ஸ்பெக்கை நான் சரிசெய்த முறை இது.

முதலில் ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் நிரல்) ஆஃப்செட் 22-க்கு, அதாவது கோப்பின் தொடக்கத்திலிருந்து 22 பைட் தள்ளிப் போங்கள். உயரம் அங்கேதான் இருக்கிறது. என் தேர்வு இம்ஹெக்ஸ். அதே 4 பைட்டை சைன்டாகவும் (மைனஸும் வரக்கூடிய எண்) அன்சைன்டாகவும் (மைனஸ் வராத எண்) பக்கத்திலேயே காட்டிவிடும். அன்சைன்டில் 4294966816, சைன்டில் -480. விடை கிடைத்துவிட்டது.

உயரம் எப்படி மைனஸில் வரும்? பிஎம்பியில் பிக்சல் வரிசைகள் வழக்கமாகக் கீழிருந்து மேலாக அடுக்கப்படும். மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தால் அதைச் சொல்லத்தான் மைனஸ். ஆகவே உயரத்தை யு4-இலிருந்து (4 பைட் அன்சைன்டு) எஸ்4 (4 பைட் சைன்டு) ஆக மாற்றுங்கள். ஆஃப்செட் 18-இல் உள்ள அகலமும் எஸ்4தான். அந்த வேகத்தில் எல்லாவற்றையும் சைன்டாக்கிவிடாதீர்கள்: கோப்பின் அளவு யு4, பிக்சலுக்கு எத்தனை பிட் என்பது யு2.

பலரும் வகையை மாற்றியதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் அடுத்த சிக்கல். பிக்சல் தரவின் அளவை "வரிசை நீளம் × உயரம்" என்று கணக்கிட்டிருந்தால் இப்போது அந்த அளவே மைனஸாகிவிடும். ஸ்பெக்கின் இன்ஸ்டன்ஸஸ் பகுதியில் (கணக்கிட்டுப் பெறும் மதிப்புகளை எழுதும் இடம்) மைனஸ் நீக்கிய உயரத்தைத் தனியாக வரையறுத்து, கணக்குக்கு அதை மட்டும் பயன்படுத்துங்கள். மூல உயரத்தில் கைவைக்க வேண்டாம். வைத்தால் திசை தெரியாமல் போய்விடும்.

சோதிக்க மைனஸ் படத்தைத் தேடி அலைய வேண்டாம். 480 உயரமுள்ள சாதாரணப் படம் ஒன்றை நகலெடுத்து, ஹெக்ஸ் எடிட்டரில் அந்த 4 பைட்டை -480 ஆக்குங்கள். படம் தலைகீழாகத் தெரியும். ஸ்பெக் -480 என்று காட்டினால் சரி.

பின்சேர்க்கை: திருத்திய பிறகும் அகலம் 31457920 வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆஃப்செட் 14-ஐப் பாருங்கள். அது டிஐபி ஹெடரின் (அகலம், உயரம் முதலிய பட விவரங்கள் உள்ள பகுதி) நீளம். 40 என்றால் மேலே சொன்னது பொருந்தும். 12 என்றால் ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளத்தின் வடிவம். அதில் அகலம், உயரம் இரண்டும் யு2. அவருடைய படம் 640 × 480. இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாகப் படிக்கப்பட்டிருக்கின்றன. ஹெடர் நீளத்தை முதலில் படித்து, ஸ்விட்ச்-ஆன் (ஒரு மதிப்பைப் பொறுத்து வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி) வைத்து இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி வகை எழுதிவிடுங்கள்.